அனாத வராத பாட்டு

என் செல்ல நைனாவுக்கு,

அரசி எழுதுகிறேன். நேற்று உன் வருஷப் பூசை நல்லபடியாக முடிந்தது. சாமியார் உன் பெயரைத் தடுமாறாமல் வாசித்தார். கல்லறையில் உனக்குப் பிடித்த மஞ்சள் சாமந்தியே போட்டோம். ராஜகிரிக் கோட்டை மலையின் தலையில் மேகம் உட்கார்ந்துகொண்டு பயம் காட்டியது, ஆனால் மழை பெய்யவில்லை. மெழுகுவர்த்தி கடைசிவரை எரிந்தது.

பூசைக்கு முன்னால் கொயர் பிள்ளைகள் வந்து, "அக்கா, நீங்க ஒரு பாட்டு பாடுங்களேன், நைனாவுக்கு உங்க பாட்டுன்னா உசுராச்சே" என்றார்கள். தொண்டை சரியில்லை என்றேன். ஒரு வருஷமாக இந்த ஒரே பொய்யை இரண்டு நாட்டில், இரண்டு பாஷையில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நீ இருந்திருந்தால், "தொண்டக்கி இன்னா? வாயத் தொற பாப்போம்" என்று செல்போன் லைட்டை அடித்துப் பார்த்திருப்பாய்.

ஏன் பாடுவதில்லை என்பதை உன்னிடம்தான் சொல்ல முடியும். ஆனால் இதை நாலு பேர் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் திருப்பிச் சொல்லவேண்டியிருக்கிறது. உன் ஷேர் ஆட்டோவில் புது ஆள் ஏறினால் பழைய கதையை நீ முதலிலிருந்து ஆரம்பிப்பாயே, அப்படி வைத்துக்கொள்.

அம்மா போனபோது எனக்கு எட்டு வயது. கல்லறைத் தோட்டத்தில் பிலோமினா சின்னம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "அனாதயாயிட்டியேடி எங்கண்ணு" என்று பெருங்குரலெடுத்து அழுதாள். அதுவரை அழாமல், ஒரு வார்த்தை பேசாமல் குழி ஓரத்தில் நின்றுகொண்டிருந்த நீ சடாரென்று திரும்பினாய். "ஏன், நான் இன்னா செத்தா பூட்டேன்? எம் பொண்ணப் பாத்து இன்னொரு வாட்டி அந்த வார்த்த சொன்னீங்க, மரியாத கெட்டுப் பூடும்!" என்று கத்தினாய். சாமியார் ஜெபத்தை நிறுத்திவிட்டார். சின்னம்மா அதற்கப்புறம் ரெண்டு வருஷம் நம் வீட்டுப் படி ஏறவில்லை.

அன்றிலிருந்து அந்த வார்த்தைக்கு நம் வீட்டில் தடை. சீரியலில் எவளாவது அழுதுகொண்டே அதைச் சொன்னால் எழுந்துபோய் டிவியை அணைப்பாய். பூசையில் அனாதைகளுக்காக மன்றாடச் சொன்னால்கூட நீ மட்டும் பதில் சொல்லாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாய். ஆண்டவரிடமே கோபித்துக்கொண்ட ஆள் நீ.

நான் நர்ஸ் படிப்பு முடித்து, பாஷை படித்து, ஜப்பானில் முதியோர் இல்ல வேலைக்குப் போனபோது ஊரே உன்னைக் கேட்டது, ஒத்தைப் பெண்ணை இவ்வளவு தூரம் அனுப்பலாமா என்று. "அவ போறா, நான் இருக்கிறன். போன் இருக்குது. அப்பால இன்னா?" என்று முடித்துவிட்டாய். ஏர்போர்ட்டில் மட்டும் என் பெட்டியின் கைப்பிடியை விடவில்லை. நான்தான் விரலைப் பிரித்து எடுத்தேன். ஞாபகம் இருக்கிறதா?

அந்த இல்லத்தில் சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு கரோக்கி. வயசானவர்கள் எல்லாரும் ஹாலில் வட்டமாக உட்காருவார்கள். வேலை செய்கிறவர்களும் ஆளுக்கு ஒரு பாட்டு பாடியாக வேண்டும். முதல் வாரம் என் முறை வந்தது. எனக்கு ஜப்பான் பாட்டு எதுவும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு நம் மாதா பாட்டு ஒன்றைப் பாடி முடித்தேன். கைதட்டினார்கள். ஆனால் யாருக்கும் கூடப் பாடத் தெரியவில்லை, பாவம், வெறும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை பார்க்கும் அம்மா பிறகு தனியாகக் கூப்பிட்டு, அடுத்த வாரம் எங்கள் பாட்டு ஒன்றைத் தேடிப் பார்க்கிறாயா என்று மெதுவாகக் கேட்டார்.

அன்றைக்கே உனக்கு போன் செய்தேன்.

"கரோக்கின்னா இன்னா அரசி?"

"மியூசிக் மட்டும் வரும் நைனா. டிவில எழுத்து ஓடும். அதப் பாத்து நாம பாடணும்."

"கூடப் பாட ஆள் இல்லியா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

"அப்பன்னா பாட்ட நல்லாப் பாத்து எடுக்கணும். தனியா மாட்டிக்கினு முழிக்கக் கூடாது. நீ அனுப்பு, நான் கேட்டுட்டு சொல்றன்."

"ஒனக்கு ஜப்பான் பாஷ தெரியுமா நைனா?" என்று சிரித்தேன்.

"பாஷ தெரியாட்டி காது இல்லாம பூடுமா?" என்றாய்.

பாட்டு எடுப்பது லேசான வேலை இல்லை நைனா. தாத்தாக்களுக்கும் பாட்டிகளுக்கும் தெரிந்த பழைய பாட்டாக இருக்கவேண்டும். எனக்குப் படிக்கத் தெரிந்தது கஷ்டமான எழுத்துக்கு மேலே உச்சரிப்புக்காகப் போடும் சின்ன எழுத்துக்கள் மட்டும், அதனால் வேகமாக ஓடும் பாட்டு ஆகாது. ரொம்ப மேலே போனால் என் குரல் கீச்சிடும். திங்கட்கிழமை நாலு பாட்டு தேர்ந்தெடுத்து உனக்கு அனுப்புவேன். வெள்ளிக்கிழமைக்குள் தீர்ப்பு வரும்.

தீர்ப்பு எப்படி வந்தது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டைக்குப் போகும் உன் ஷேர் ஆட்டோவில், காய்கறி மூட்டையும் கோழிக்கூடையும் பள்ளிக்கூடப் பையும் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜனங்கள்தான் நீதிபதிகள் என்று கஸ்தூரி அக்கா சொல்லித்தான் தெரிந்தது. தினமும் உன் வண்டியில் அவலூர்பேட்டைக்குக் கத்திரிக்காய் கொண்டுபோய் விற்கிற கஸ்தூரி அக்காவே தலைமை நீதிபதியாம்.

"இன்னாண்ணா இது, சைனா பாட்டா?"

"சைனா இல்ல கஸ்தூரி, ஜப்பான். எம் பொண்ணு மேடையேறிப் பாடப்போறா. நல்லா இருக்குதா, சொல்லு."

மேடையெல்லாம் இல்லை என்று நான் எத்தனை முறை சொல்லியும் நீ மேடையை விடவில்லை.

உன் வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. "மூணாவது வாணாம். அந்தப் பொம்பள மூச்சே வுடல. நீ பாடினா மயங்கி வுழுந்துடுவ." "ரெண்டாவது ஓகே, ஆனா கடைசில ஒரு இழு இழுக்குறான் பாரு, அத மட்டும் வுட்டுடு." ஒருமுறை, "முதப் பாட்ட எடுத்துக்க. மாதா பாட்டு மாதிரி எவ்ளோ பக்தியா இருக்குது! கஸ்தூரிக்கே கண்ணு கலங்கிப் பூடுச்சி" என்றாய். பாடிவிட்டுத்தான் அர்த்தம் பார்த்தேன். துறைமுகத்துச் சாராயக் கடையில் ஒரு குடிகாரன் கோப்பையோடு பேசுகிற பாட்டு. உன்னிடம் சொன்னபோது, "குடிகாரனுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ நல்ல மெட்டு?" என்று கோபப்பட்டாய்.

ஆனால் நைனா, உனக்கு ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தால்தான் நான் பட்ட பாடு எல்லாம்.

ஜப்பான் பாஷையில் 'அனத்தா' என்று ஒரு வார்த்தை. 'நீ' என்று அர்த்தம். மனைவி புருஷனைக் கூப்பிடுவதும் அதே வார்த்தைதான், நம் ஊரில் 'ஏங்க' என்கிற மாதிரி. பேச்சில் சுருக்கமாக வரும். பாட்டில் இழுக்கும்போது 'அனாஆத' என்று ஆகிவிடும். உன் காதில் அது எப்படி விழும் என்று சொல்லவும் வேண்டுமா?

முதல் முறை அது வந்தபோது வண்டியை ஓரம் கட்டிவிட்டாயாம். "இன்னா பாட்டு இது? அனாத, அனாதன்னு? எம் பொண்ணு போயி இதப் பாடணுமா?" அதற்கப்புறம் ஒரு விரல் எப்போதும் பட்டனில்தான். அந்த வார்த்தை வந்த நொடி பாட்டு செத்தது. முழுப்பாட்டும் கேட்க ஆசைப்பட்ட சனங்கள் எல்லாம், "அண்ணே, இதுலயாவது அது வராம இருக்கணுமே" என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம்.

அந்த வார்த்தை இல்லாமல் ஜப்பான்காரர்களுக்குக் காதலிக்கவும் தெரியாது, அழவும் தெரியாது. நான் சல்லடை போட்டுத் தேடினேன். கடைசியில் எனக்கு மிஞ்சியது மலைப் பாட்டு, ரயில் பாட்டு, பனிப் பாட்டு, படகுப் பாட்டு. இந்தியாவிலிருந்து வந்த பெண்ணுக்குக் காதல் பாட்டு என்றால் ஆகாது போலிருக்கிறது என்று கூட வேலை செய்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அதற்கு 'நீ' என்று அர்த்தம் என்று முதல் நாளே உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? சொல்லவேண்டுமென்றால் அந்த வார்த்தையை நான் வாயால் உச்சரிக்கவேண்டும். உன்னிடம் அதை உச்சரிக்க எனக்குத் தைரியம் கிடையாது. அது ஒன்று. இன்னொன்று, நீ அப்படித் தடுப்பது எனக்குப் பிடித்திருந்தது. கடல் தாண்டி இருக்கிற பெண்ணின் வாயில் ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது என்று ஒரு மனுஷன் அவலூர்பேட்டை ரோட்டில் விரலை வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறான். அதை யாருக்குத்தான் கெடுக்க மனசு வரும்?

மோரி சானை உனக்குத் தெரியும். 'சான்' என்பது மரியாதைக்குச் சேர்ப்பது. நீ அவரை 'மோர்த் தாத்தா' என்பாய். தொண்ணூறு வயசு, டவுன் பஸ் டிரைவராக இருந்தவர், அதனாலேயே உனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. எந்நேரமும் மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தேடுவார். தேடும்போது வாய்க்குள் "நைனா... நைனா..." என்று முனகுவார். உன்னிடம் சொன்னபோது, "அங்க யாருடி என்னக் கூப்புடறது?" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். அவர்கள் பாஷையில் அதற்கு 'காணோமே' என்று அர்த்தம் என்பதையும் நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பாட்டைக் கேட்பார். அவருடைய சம்சாரம் சமையல் செய்துகொண்டே பாடும் பாட்டாம். அந்த அம்மா இறந்து பல வருஷம் ஆகிறது. உனக்கு அனுப்பினேன். அதற்கு நீ அனுப்பிய பதில் இதோ, வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "அரசி, இது வாணாம்மா. மெட்டு தங்கமாட்டம் இருக்குது, நிறுத்த மனசு வர்ல. ஒங் கொரலுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குது. ஆனா ஆரம்பமே அந்த வார்த்ததான். கஸ்தூரிய எண்ணச் சொன்னேன். ஒம்போது வாட்டி வருதாம். ஒரு வாட்டின்னாலே வாணாம், ஒம்போது வாட்டி எம் பொண்ணு சொல்லுவாளா? தாத்தாகிட்ட மன்னிச்சுக்கோன்னு சொல்லிடு."

சொல்லிவிட்டேன். ஆறு மாசம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவரும் ஆறு மாசம் தலையாட்டிவிட்டு, அடுத்த வாரம் மறுபடி கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை அவருடைய பிறந்தநாள். தலையில் காகிதத் தொப்பி வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது போல. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போய் மைக்கை எடுத்து அந்தப் பாட்டின் எண்ணை அழுத்திவிட்டேன். ஒன்பது முறையும் பாடினேன். முதல் முறை அந்த வார்த்தை வந்தபோது மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், பிறகு பழகிவிட்டது. மோரி சான் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, ஹாலின் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் என்னை நோக்கிக் குனிந்து வணங்கினார். பாட்டுக்கு மார்க் போடும் மெஷின் எண்பத்தேழு போட்டது. அதுவரை எனக்கு எழுபதைத் தாண்டியதே இல்லை.

சந்தோஷமாக லாக்கருக்கு ஓடினேன் நைனா. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, நீ போன் பண்ணும் நாள், உன்னிடம் குட்டை உடைத்துவிடவேண்டும், எப்படியெல்லாம் திட்டுவாய் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டே போனேன். போனை எடுத்தால் கஸ்தூரி அக்காவிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால்.

அவலூர்பேட்டையில் எல்லாரும் இறங்கிவிட்டார்களாம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததாம். மறந்துவிட்ட பையை எடுக்கத் திரும்பி வந்த கஸ்தூரி அக்காதான் பார்த்திருக்கிறாள். நீ ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்துச் சாய்ந்திருந்தாயாம், தூங்குகிற மாதிரி. காலை பத்தரை மணி. எங்களுக்கு மத்தியானம் ரெண்டு.

நான் நர்ஸ். மாரடைப்பு எதனால் வருகிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி முதல் மார்க் வாங்கியவள். ஆனாலும் நம்பினேன் நைனா. நீ வேண்டாம் என்று தடுத்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னேன், அது அந்த நிமிஷமே பலித்துவிட்டது என்று நம்பினேன். ரெண்டு நாள் பிளைட்டிலும் பஸ்ஸிலும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். நீ எனக்காக ஐஸ் பெட்டியில் காத்திருந்தாய்.

கல்லறைத் தோட்டத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில் உனக்குக் குழி. பிலோமினா சின்னம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். முடி நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. "இப்ப நெசமாவே அனாதயாயிட்டியேடி எங்கண்ணு" என்றாள்.

நான் காத்திருந்தேன். பைத்தியம் என்றுதான் சொல்வாய். யாராவது திரும்பி, "ஏன், நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று கத்துவார்கள் என்று நின்றுகொண்டே இருந்தேன். யாரும் கத்தவில்லை. சாமியார் ஜெபத்தை நிறுத்தவே இல்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலையில் மோரி சான் அறைக்குப் போனேன். கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருந்தது. கட்டிலடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். "நைனா... நைனா..." நானும் மண்டிபோட்டு உட்கார்ந்து அவரோடு சேர்ந்து தேட ஆரம்பித்துவிட்டேன். காணோமே, காணோமே என்று இரண்டு பேரும் தேடினோம். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் கண்ணாடிக்காக ஒரு பெண் இவ்வளவு அழவேண்டுமா என்று நினைத்திருப்பார். தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் பாடவில்லை. சனிக்கிழமைகளில் மைக்கைத் துடைத்து வைப்பேன், நாற்காலி போடுவேன், மற்றவர்கள் பாட்டை அழுத்திக் கொடுப்பேன். என் முறை வந்தால் தொண்டையைத் தொட்டுக் காட்டுவேன். மோரி சான் இந்த வருஷம் ரொம்ப இளைத்துவிட்டார். நான் லீவில் கிளம்பியபோது கஞ்சிதான் இறங்கிக்கொண்டிருந்தது. போய்விட்டு வருகிறேன் என்று சொல்லப் போனவளிடம், அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடுவாயா என்று கேட்டார். வந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

இப்போது நேற்றைய கதைக்கு வருகிறேன். இது உனக்குத் தெரிந்ததுதான். எனக்குத்தான் ஒரு வருஷமாகத் தெரியாமல் போயிற்று.

பூசை முடிந்து வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு போட்டோம். கஸ்தூரி அக்கா கடைசியாக வந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"ஏன் அரசி, இப்பல்லாம் அங்க பாடறியா?"

"இல்லக்கா. தொண்ட சரியில்ல."

"அந்த ஒம்போது வாட்டி பாட்டு? அதயாவது பாடினியா, இல்லியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதத்தான் நைனா வாணாம்னுட்டாரேக்கா."

"ஐய, மொதல்ல வாணாம்னாரு. அப்பால பாடச் சொன்னாரே! ஒங்கிட்ட சொல்லலியா?" என்றவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "அட ஆண்டவனே. ஞாயித்துக்கெழம சொல்றேன், ஞாயித்துக்கெழம சொல்றேன்னாரே. அவுரு சனிக்கெழம பூட்டாரு."

பிறகு அவள் சொன்னதை எல்லாம் எழுதுகிறேன். நீ போன அந்த வாரம், செவ்வாய்க்கிழமையாம். பஸ் ஸ்டாண்டில் வயசான ஜப்பான்காரர் ஒருவரும் அவர் சம்சாரமும் கோட்டை பார்க்க வந்து நின்றிருக்கிறார்கள். நீ ஏற்றிக்கொண்டாய்.

"அவுங்கள கோட்டக்கிட்ட எறக்கி வுட்டுட்டு அவலூர்பேட்ட போலாம்னாரு. நான் பின்னால மூட்டயோட குந்திக்கினு இருக்கிறன். பாட்டு ஓடுது. கூட்டத்துல வண்டிய வளச்சிக்கினு இருந்தாரா, அந்தப் பாட்டு வந்ததும் பட்டன அமுக்க முடில. பாத்தா, அந்தம்மா கூடவே பாடுது! ஒங்க நைனா பிரேக் போட்டுட்டாரு. திரும்பி, 'அனாத? வாட்? வாட்?'ன்றாரு. எனுக்குப் பக்குனு ஆயிடுச்சி. ஒங்கூட்ல அந்த வார்த்தய யாரும் சொல்லவே மாட்டீங்களே."

"அப்புறம்?"

"அந்தம்மா சிரிச்சிக்கினே அவுங்க ஊட்டுக்காரரத் தொட்டுக் காட்டுச்சி. 'அனாத'ன்னுச்சி. அப்பால ஒங்க நைனா நெஞ்சுக்கு நேரா வெரல நீட்டி, 'யூ, யூ'ன்னுச்சி. அவ்ளோதான். ஒங்க நைனா அப்பிடியே குந்திக்கினு இருந்தாரு. பின்னால பஸ்காரன் ஆரன் அடிக்கிறான், இவுரு அசயல. 'கஸ்தூரி, நீன்னு அர்த்தமாம். நீன்னு அர்த்தமாம் கஸ்தூரி'ன்றாரு. நான் இன்னாத்தக் கண்டேன்."

கஸ்தூரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நாலு நாளும் வண்டில வேற பாட்டே கெடயாது. கேட்டுக் கேட்டு எங்களுக்கே மனப்பாடம் ஆயிடுச்சி. கண்ணாடிக்கிட்ட ஒம் போட்டோ ஒட்டி வச்சிருந்தாரு இல்ல, நர்ஸ் டிரஸ்ல? அந்த வார்த்த வரும்போதெல்லாம் அதத் தொடுவாரு. 'நீ'ன்னுவாரு. திரும்ப வரும், திரும்பத் தொடுவாரு. 'நீதான், நீதான்'னு சொல்லிக்கினே ஓட்டுவாரு. ரோட்டப் பாருங்கண்ணான்னு நான் கத்துவேன்."

நைனா, உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. செவ்வாய்க்கிழமை தெரிந்த விஷயத்தை ஏன் ஞாயிற்றுக்கிழமை வரை மடியில் கட்டிவைத்தாய்? எனக்கு டியூட்டியில் தொந்தரவாக இருக்கும் என்று நினைத்தாயா? ஒரு வாய்ஸ் மெசேஜ் போடக் கூடாதா? குடிகாரன் பாட்டுக்கு அத்தனை மெசேஜ் போட்டவனுக்கு, இதற்கு ஒன்று போட விரல் வரவில்லையா? என் குரலை நேரில் கேட்டுக்கொண்டு சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பாய். நானும் அதே ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் என் ரகசியத்தைப் பொத்தி வைத்திருந்தேன். நாம் இரண்டு பேரும் சரியான ஜோடிதான்.

ஒரு வருஷம் நைனா. ஒரு வருஷம் நான் உன்னைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்னடாவென்றால், நான் அங்கே பாடிய அதே நாளில் அதே பாட்டைப் போட்டுக்கொண்டு அவலூர்பேட்டை ரோட்டில் என் போட்டோவைத் தொட்டுக்கொண்டு போயிருக்கிறாய்.

இன்றைக்குக் காலையில் வாசலில் நிற்கும் உன் வண்டியின் தார்ப்பாயை எடுத்தேன். போட்டோ இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. உன் சீட்டில் உட்கார்ந்து போனில் அந்தப் பாட்டைப் போட்டேன். கூடப் பாடலாம் என்று வாயைத் திறந்தேன். முதல் வார்த்தையிலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது, பாட்டு தன்பாட்டுக்கு ஓடி முடிந்தது. ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த தொண்டை, ஒரே நாளில் திறந்துவிடாது. அழுது முடித்துவிட்டு இன்னொரு தடவை போட்டேன். இரண்டாவது அடிவரை வந்தது. கீச்சென்றுதான் வந்தது. நீ இருந்தால் நாலு நாள் பாலில் மிளகு போட்டுக் குடிக்கச் சொல்லியிருப்பாய். குடிக்கிறேன்.

அந்த வார்த்தை இனிமேல் யார் வாயில் வந்தாலும் எனக்குப் பயமில்லை என்று பெரிய பேச்சுப் பேச முடியவில்லை நைனா. அம்மாவும் இல்லை, நீயும் இல்லை. சின்னம்மா சொன்னது பொய்யில்லை. சில நாள் ராஜகிரியைப் பார்த்தால்கூட, அதற்குப் பக்கத்தில் இரண்டு மலை துணைக்கு இருக்கிறதே என்று பொறாமையாக இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தத்தை நீயே தேடிக் கண்டுபிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். பாஷை தெரியாத மனுஷன், வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, விரலை நீட்டிக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாய். அது போதும் எனக்கு.

வியாழக்கிழமை பிளைட். மோரி சான் இருக்கிறார், நேற்று கஞ்சி முழுசாகக் குடித்தார் என்று மேற்பார்வை அம்மா செய்தி அனுப்பியிருக்கிறார். இந்தச் சனிக்கிழமைக்கு என் பாட்டைக் கேட்டார்கள். அந்தப் பாட்டின் எண்ணை அனுப்பிவிட்டேன்.

உன் லைசென்ஸுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அந்தப் பெரிய மீசையோடு இருப்பது, அலமாரியில் கிடைத்தது. எடுத்துவைத்துக்கொண்டேன். மைக்கில் விரல் படுகிற இடத்தில் ஒட்டிக்கொள்வேன். ரெண்டு மணிக்கு ஆரம்பிப்போம். நம் ஊரில் அப்போது பத்தரை. ஒன்பது முறை அந்த வார்த்தை வரும். ஒன்பது முறையும் உன்னைத் தொட்டுத்தான் பாடுவேன் நைனா. சத்தியம்.

இப்படிக்கு,
அவலூர்பேட்டை ஷேர் ஆட்டோ சவரிமுத்துவின் ஒரே மகள்,
உன் விண்ணரசி